குறையைச் சொல்லி விற்பது

எட்டு வருடத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்குப் பழைய தையல் மெஷின் வாங்கப் போனேன். காலால் மிதிக்கிற மெஷின். மளிகைக் கடைச் சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்த அரைத்தாளைப் பார்த்துவிட்டுப் போனது. அந்த வீட்டு அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கூடத்தில் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். நான் உட்காருவதற்குள் அவரே பேச ஆரம்பித்தார், ஆனால் விலையைப் பற்றி இல்லை.

"தம்பி, மெல்லிசு துணிக்கு நல்லா ஓடும். தடிச்ச துணி வச்சா அங்கங்க தையல் விட்டுப் போகும். ரெண்டு தடவை ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு, முழுசா சரியாகல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு விலை கேளுங்க."

அப்புறம்தான் விலை வந்தது. 3,500 என்றார். நான் 2,500 என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மரப்பலகை அசல் தேக்கு என்றார். பெல்ட் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன் நான். கையோடு கொண்டு போயிருந்த துணியில் நாலு வரி தைத்துப் பார்த்தேன். 3,300 என்றார், 2,700 என்றேன். பத்து நிமிடம் இப்படிப் போனபின் அவரே முடித்து வைத்தார்: "உங்க விலையும் வேண்டாம், என் விலையும் வேண்டாம். மூவாயிரம் கொடுங்க." கொடுத்தேன். ஊசி, பாபின், எண்ணெய்க் குப்பி எல்லாம் கிடந்த பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் காசு கேட்காமல் கூடவே வைத்தார்.

திரும்பி வரும்போது அந்தப் பத்து நிமிடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மெஷினைப் பற்றி அவர் எதையும் மறைக்கவில்லை. விலையைப் பற்றி எல்லாவற்றையும் மறைத்தார். எவ்வளவுக்கு விடுவார், வேறு யாராவது வந்து கேட்டார்களா, பணம் அவசரமா, ஒன்றையும் சொல்லவில்லை. என் சட்டைப்பையில் 3,200 இருந்ததை நானும் சொல்லவில்லை. இருவரில் யாரும் மற்றவரைப் பொய்யர் என்று நினைக்கவில்லை. பொருளின் குறையைச் சொல்லியாக வேண்டும், மனதில் இருக்கும் கடைசி விலையைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோடு எங்கே வரையப்பட்டது, ஏன் அது இவ்வளவு முக்கியம் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க நினைக்கிறேன்.

அதே வருடக் கோடையில் வேறொரு ஊரில் ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன். 600 ரூபாய். விற்றவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார், ஜோராகச் சுற்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் மோட்டார் கொதித்து நின்றுவிடும். ஆறினால் மறுபடி சுற்றும். காயில் போயிருந்தது. புதிதாகக் காயில் கட்ட ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ஃபேனே வந்துவிடும். அதுவரை அதை வைத்திருந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. சரி, அவர் பொய் சொன்னாரா? சொல்லவில்லை. நான் எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் சொல்லவில்லை. கோபம் ஆறிய பிறகு அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது.

இந்த மௌனத்தைப் பற்றி நம் சட்டம் மிகத் தெளிவாகப் பேசியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. பொய்யை உண்மை என்று சொல்வது மோசடி. தெரிந்த ஒன்றை வேலை மெனக்கெட்டு மறைப்பதும் மோசடி. விரிசலுக்கு மேல் பெயின்ட் அடித்து விற்றால், வாயே திறக்காவிட்டாலும் அது ஏமாற்றுதான். ஆனால் வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது அந்தப் பிரிவு. பேச வேண்டிய கடமை இருக்கிற இடமும், மௌனமே பேச்சுக்குச் சமமாகிற இடமும் மட்டும் விலக்கு.

இதை விளக்கச் சட்டத்திலேயே நான்கு சின்ன உதாரணங்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் ஒரு குதிரையைப் பற்றியவை. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. இது மோசடி அல்ல. இரண்டாவது உதாரணத்தில் வாங்குபவர் அவருடைய மகள், அப்போதுதான் சட்டப்படி மேஜர் ஆனவள். இங்கே அந்த உறவே சொல்லியாக வேண்டிய கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவதில் வாங்குபவர் கேட்கிறார்: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லபடியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்." விற்பவர் பேசாமல் இருக்கிறார். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ஒரே குதிரை, ஒரே நோய், ஒரே மௌனம். கேட்ட ஒரு வாக்கியத்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ஃபேன் வாங்கிய அன்று நான் கேட்காமல் விட்டது அந்த வாக்கியத்தைத்தான். அதற்குப் பிறகு எந்தப் பழைய பொருளை வாங்கினாலும் நம் பேச்சிலேயே அதைக் கேட்டுவிடுகிறேன்: "வேற ஏதாவது குறை இருக்கா? நீங்க சொல்லலைன்னா இல்லைன்னு எடுத்துக்குவேன்." கேட்டதும் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்குகிறார்கள். பிறகு ஏதாவது ஒன்றைச் சொல்கிறார்கள். "பின் பிரேக் கொஞ்சம் வீக்" என்றோ, "மூடி போன வருஷம் மாத்தினது" என்றோ. நேராகக் கேட்ட பிறகும் முகத்துக்கு முன்னால் பொய் சொல்லப் பலருக்கு வாய் வருவதில்லை. கேட்காதவரை சும்மா இருப்பவர்கள்தான் அதிகம்.

சட்டம் இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறதே என்று தோன்றலாம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். குறிப்பிட்ட வகைச் சரக்கை வியாபாரமாக விற்பவரிடம் அந்தச் சரக்கைக் கேட்டு வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் சொல்லாமலே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். வீட்டில் கிடந்த ஒற்றை ஃபேனை விற்பவர் ஃபேன் வியாபாரி அல்ல. அவருக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும். பொருளைப் பார்த்துச் சோதித்த பிறகு, அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றி அப்புறம் புகார் சொல்லவும் முடியாது. சட்டம் உங்கள் பக்கமே இருந்தாலும் 600 ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? பஸ் காசுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும் கட்டாது. சின்னத் தொகைகளின் உலகத்துக்கு வக்கீலும் இல்லை, போலீஸும் இல்லை. அங்கே மிஞ்சுவது வாய்ச்சொல் மட்டும்தான்.

அதனால்தான் இரண்டாவது உதாரணம், அந்த மகள் வரும் உதாரணம், எனக்கு மிகவும் பிடிக்கும். உறவு இருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். நம் ஊரில் முன்பின் தெரியாத இருவர் ஒரு பழைய பொருளின் முன்னால் நின்று பேசும்போது என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள்? அம்மா, தம்பி, அக்கா, அண்ணே. "அக்கா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்கிறோம். "அண்ணே, உங்ககிட்ட பொய் சொல்லுவேனா" என்கிறார்கள். வேறு வழியில்லாமல் சும்மா வாயில் வரும் சொற்கள் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. இரத்த உறவு இல்லாத இடத்தில் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஒரு உறவை உண்டாக்கி, அந்த உறவின் கடமையை எதிராளியின் தோளில் வைக்கிறோம். கும்பகோணத்து அம்மா என்னைத் "தம்பி" என்று கூப்பிட்ட அதே மூச்சில் மெஷினின் குறையைச் சொன்னார். தம்பி என்று சொல்லிவிட்ட பிறகு எப்படி மறைப்பது? இதே சொல்லை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு, தெரியும். அப்படி ஏமாந்தவர்களுக்குக் காசு போன வருத்தத்தைவிட, "அண்ணேன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டானே" என்ற வருத்தம்தான் பெரிதாக இருக்கும்.

இந்த நேர்மைக்கு ஒரு பொருளாதாரக் கணக்கும் உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் சில பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரையே அடிப்படை. அவர் சொன்னதை நம் ஃபேனை வைத்தே பார்க்கலாம். ஓர் ஊரில் பத்துப் பழைய ஃபேன்கள் விலைக்கு இருக்கின்றன. ஐந்து நல்லவை, ஒவ்வொன்றும் 1,000 ரூபாய் பெறும். ஐந்து மோசமானவை, 400 பெறும். எது எது என்று விற்பவர்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் அவர் நடுவில் 700 தருவேன் என்பார். நல்ல ஃபேன் வைத்திருப்பவர் 700-க்குக் கொடுப்பதைவிட வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விலகிவிடுவார். மிஞ்சுவது மோசமானவை. அது புரிந்ததும் வாங்குபவர் 400-க்கு மேல் கேட்க மாட்டார். கடைசியில் நல்ல பொருள் சந்தைக்கே வராது. நேர்மையில்லாதவன் ஏமாற்றுவது தன்னிடம் வாங்கியவரை மட்டும் இல்லை. நல்ல பொருள் வைத்திருந்த முகம் தெரியாத ஐந்து பேரின் வியாபாரத்தையும் அவன் கெடுக்கிறான். ஆக்கர்லாஃபின் கட்டுரையில் நம் நாட்டுக் குடும்பப் பெண்களும் வருகிறார்கள். கடைக்காரர்கள் வேண்டுமென்றே அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் கல் கலந்துவிடுவதால் அவர்கள் உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டியிருக்கிறது என்பதை, நேர்மையின்மையால் வரும் செலவுக்கு உதாரணமாகச் சொல்கிறார். முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிய நம் பாட்டிமார்களின் மத்தியான நேரங்கள் எல்லாம் அந்தச் செலவுக் கணக்கில் சேர்ந்தவைதான்.

குறையை முதலில் சொல்வதன் பலம் இங்கேதான் இருக்கிறது. "நல்லா ஓடும்" என்று நல்லவரும் சொல்வார், ஏமாற்றுபவரும் சொல்வார். அதைச் சொல்வதற்குச் செலவில்லை. "தடிச்ச துணிக்குத் தையல் விட்டுப் போகும்" என்று சொன்னால் சொல்பவருக்குத்தான் 500 ரூபாய் நஷ்டம். தனக்கு நஷ்டம் வரும் பொய்யை யாரும் சொல்வதில்லை. அதனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பலாம். அதை நம்பிவிட்டால் கூடவே அவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம். தேக்கு என்றார், தேக்குதான் என்று எடுத்துக்கொண்டேன். கும்பகோணத்து அம்மா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அது மனசு சம்பந்தப்பட்ட விஷயம். கணக்கும் மனசும் ஒரே பக்கம் நிற்கிற இடம் இது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

குறையுள்ள பொருளுக்கும் ஆள் இருக்கிறார்கள். 1995-இல் பியர் ஒமிடியார் பின்னாளில் ஈபே என்று ஆன இணைய ஏலத் தளத்தைத் தொடங்கியபோது, அதில் முதலில் விற்றது அவருடைய உடைந்த லேசர் பாய்ன்டர். 14.83 டாலருக்குப் போனது. அது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று ஒமிடியார் கேட்டபோது, உடைந்த லேசர் பாய்ன்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்று வாங்கியவர் சொன்னாராம். என் மெஷினும் அப்படித்தான். எனக்குத் தேவைப்பட்டது ரவிக்கையும் குழந்தைத் துணியும் தைக்கத்தான். தடித்த துணியே எங்கள் வீட்டில் தைப்பதில்லை.

சரி, பொருளைப் பற்றி உண்மை பேச வேண்டும். அப்படியானால் விலையைப் பற்றி மட்டும் ஏன் மறைக்கலாம்? 3,000-க்குக் கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு 3,500 என்று கேட்பது பொய் இல்லையா?

பொய்தான் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பேரத்தையே வேண்டாம் என்றார்கள். வாங்கிக்கொள்ளச் சம்மதமில்லாத விலையைச் சொல்வது பொய், அதனால் ஒரே விலை சொல்லி அதற்கே விற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. விவரம் தெரியாத குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்கள் கடைகளுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று கடையில் விலைச்சீட்டு ஒட்டியிருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இந்த மனசாட்சி.

குவேக்கர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. புதுப் பொருளுக்கு அவர்கள் வழிதான் சரி. ஆனால் பழைய பொருளுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆயிரம் புது மெஷின்கள் ஒரே மாதிரி இருக்கும், ஒரே விலை வைக்கலாம். இருபது வருடம் ஓடிய மெஷின் ஒவ்வொன்றும் தனி. அதன் விலை எங்கேயும் எழுதியிருக்காது. வாங்குபவருக்கு அது எவ்வளவு உபயோகம், விற்பவருக்கு அதை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு பக்கமிருந்தும் தேடித்தான் விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். பேரம் அந்தத் தேடல். 3,500 என்பது அவருடைய முதல் அடி, 2,500 என்பது என்னுடைய முதல் அடி. இரண்டுமே முடிவான வார்த்தைகள் அல்ல என்று இருவருக்கும் தெரியும். எல்லாருக்கும் அர்த்தம் தெரிந்த ஒரு பேச்சில் யாரும் ஏமாறுவதில்லை. "தேக்கு" என்ற சொல் அப்படி அல்ல. மரம் தேக்காக இருக்கும், அல்லது இருக்காது.

ஆனால் விலைப் பேச்சுக்குள்ளும் பொய் உண்டு. "நேத்து ஒருத்தர் நாலாயிரத்துக்குக் கேட்டுட்டுப் போனார்" என்று யாரும் வராத வீட்டில் சொல்வது பொய். வாங்குகிறவர் "அடுத்த தெருவுல இதே மெஷின் ரெண்டாயிரத்துக்குக் கிடைக்குது" என்று இல்லாத மெஷினைச் சொல்வதும் பொய். தன் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருக்கலாம். உலகத்தில் நடக்காததை நடந்ததாகச் சொல்லக் கூடாது. "இதுக்குக் கீழ கட்டுப்படியாகாது" என்பதில் கொஞ்சம் மிகை இருக்கும், கேட்பவருக்கும் தெரியும், விட்டுவிடலாம். ஒருமுறை "கடைசி விலை" என்று சொன்னால் மட்டும் அது கடைசி விலையாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லையும் வீணாக்கிவிட்டால் பேரத்தை முடிக்க வேறு சொல் நம்மிடம் இல்லை.

நம்மிடம் இந்தக் கோட்டை மிகப் பழைய காலத்திலிருந்து கையாளும் இடம் மாட்டுச் சந்தை. யோசித்துப் பார்த்தால் கை மாறி வரும் பொருட்களில் மாட்டைவிடப் பழையது நம் ஊரில் வேறு என்ன? பொள்ளாச்சிச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இருந்துவருகிறது. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை ஓடுகிறது என்று தெரியாது. விலை துண்டுக்குள் இருக்கும். மாடு வெளியே நிற்கும். யார் வேண்டுமானாலும் பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், கறவை என்றால் கறந்து பார்க்கலாம். மறைக்க வேண்டியது எது, மறைக்கக் கூடாதது எது என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை. அங்கேயும் தப்பு நடக்கும். முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டி விற்பார்கள். சட்டம் சொல்லும் "வேலை மெனக்கெட்டு மறைப்பது" என்பது இதுதான். அதனால்தான் விவரமானவர்கள் இரண்டு வேளை கறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பார்கள்.

பழைய பொருள் கடைகளின் கதை வேறு. சென்னையில் 1900-இல் திறந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்திலிருந்து இசைத்தட்டு வரை எல்லாம் கிடைத்தது. 1985 மே மாதம் அது எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அந்த மார்க்கெட்டில் விலையை எகிறவிட்டுச் சொல்வார்கள், பாதிக்கும் கீழே கேட்க வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. புதுப்பேட்டையில் வண்டிச் சாமான் வாங்குபவர்களுக்கும், வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் இது புதிதில்லை. வியாபாரி நாளைக்கும் அதே இடத்தில் உட்கார வேண்டும், போணி ஆக வேண்டும், பேர் கெடக் கூடாது. அந்தப் பயம் ஓரளவு நேர்மையைக் காப்பாற்றும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒரு தையல் மெஷினை விற்கப்போகிறவருக்கு அந்தப் பயம் கிடையாது. என்னை அவர் மறுபடி பார்க்கப்போவதில்லை. அப்படியிருந்தும் குறையைச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதுவரை விற்பவரின் நேர்மையைப் பற்றியே பேசிவிட்டேன். வாங்குபவருக்கும் நேர்மை உண்டு, அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சட்டத்தின் நான்காவது உதாரணம் இங்கே வருகிறது. இரண்டு வியாபாரிகள் ஒப்பந்தம் செய்கிறார்கள். விலை மாறப்போகும் ஒரு செய்தி ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் அதை மற்றவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது சட்டம். வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையில் சரிதான். விவரம் சேகரிப்பது அவர்கள் தொழில். ஆனால் கணவர் இறந்த பிறகு அவருடைய புத்தக அலமாரியைக் காலி செய்யும் ஒரு பெண், கிலோ கணக்கில் எடைக்குப் போடத் தயாராக இருக்கிறார். அதற்குள் பல ஆயிரம் பெறும் ஒரு பழம் பதிப்பு இருப்பது எனக்குத் தெரிகிறது. நான் பேசாமல் 50 ரூபாய்க்கு எடுத்துவரலாமா? சட்டம் தடுக்காது. எனக்கு மனசு வராது. அவருடைய புத்தகத்தின் குணத்தை நான் அறிந்து அவர் அறியவில்லை என்றால், விற்பவர் மறைக்கும் குறைக்கும் வாங்குபவர் மறைக்கும் நிறைக்கும் என்ன வித்தியாசம்? பித்தளைக் குத்துவிளக்கை வெறும் பித்தளை எடைக்குக் கேட்கும்போதும் இதே கேள்விதான். சொல்லிவிட்டு, கண்டுபிடித்ததற்காக நியாயமான ஒரு லாபத்தோடு விலை பேசினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

"அடிமாட்டு விலை" என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. மாடு கறிக்குத்தான் போகும் என்ற நிலையில் கிடைக்கும் விலை. வேலை போய் ஊரைக் காலி செய்பவர், ஆஸ்பத்திரிச் செலவுக்காக வண்டியை விற்பவர் இவர்கள் முன்னால் நின்று அந்த விலையைக் கேட்கிறவர்கள் உண்டு. எதிராளியின் அவசரத்தைத் தெரிந்துகொண்ட பிறகு பேரம் பேசுவது வேறு ஒன்றாகிவிடுகிறது. அந்த நேரத்தில் சந்தை விலையை நாமே சொல்லி வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. பேரம் பேசி ஜெயித்த மகிழ்ச்சி வேறு ஒரு நாள் வேறு ஒரு இடத்தில் கிடைக்கும்.

இப்போது மளிகைக் கடைச் சுவருக்குப் பதில் போன் வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது. முன்பு பொருளைப் பார்ப்போம், குறையைக் கேட்போம், பிறகு விலை பேசுவோம். இப்போது போட்டோவைப் பார்த்த நிமிடமே "லாஸ்ட் பிரைஸ்?" என்று ஒரு செய்தி போகிறது. வணக்கம் கிடையாது, அக்கா அண்ணன் கிடையாது. மோட்டார் சூடாவது போட்டோவில் தெரியாது. மெஷினின் சத்தம் போட்டோவில் கேட்காது. பார்க்காமலே விலையை முடித்துவிட்டுப் போனால், அங்கே ஒரு குறை கண்ணில் படும்போது பேரத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். விற்பவருக்கு அது வார்த்தை மாறுவதாகத் தெரியும், வாங்குபவருக்கு ஏமாற்றப்பட்டதாகத் தெரியும். இருவரும் மனக்கசப்போடு பிரிவார்கள். அதனால் போனில் குறைகளை மட்டும் கேட்டுவிட்டு, விலையை நேரில் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிடுவது நல்லது.

முகம் தெரியாததை வைத்துப் பிழைப்பவர்களும் வந்துவிட்டார்கள். ராணுவத்தில் இருப்பதாகவும் அவசரமாக இடமாற்றம் என்றும் சொல்லி முன்பணம் கேட்பது ஒரு வகை. நீங்கள் விற்கும் பொருளுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய 'பின்' (PIN) நம்பரைப் போடச் சொல்வது இன்னொரு வகை. யூபிஐயில் பணம் வாங்குவதற்கு அந்தப் 'பின்' நம்பர் தேவையே இல்லை. வீட்டில் பெரியவர்கள் எதையாவது விற்கப்போகிறார்கள் என்றால் இந்த ஒன்றை அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பழைய போன் வாங்குவதானால் அதில் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிடலாம். திருட்டுப் பொருளை நல்ல நம்பிக்கையோடு வாங்கினாலும் பொதுவாக அது நமக்குச் சொந்தமாகாது. விற்றவருக்கே இல்லாத உரிமையை அவர் நமக்குக் கொடுக்க முடியாது. பழைய பில் இருக்கிறதா என்று கேட்பதும், ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வாங்குவதும் சந்தேகப்படுவது ஆகாது. நேர்மையானவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கும்பகோணத்து மெஷின் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. வாங்கி வந்து ஒரு வாரம் இருக்கும், அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நம்பரை நான் கொடுத்தது வண்டியில் ஏற்றும்போது வழி கேட்பதற்காக. பணம் ஏதாவது குறைந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"மெஷின் ஓடுதா தம்பி? மேல் தகட்டை நகர்த்தினா உள்ள ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுலயும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். அன்னிக்குச் சொல்ல மறந்துட்டேன்."